வழியனுப்பத் தெரியாத வைத்தியர்

வடமராட்சி,
14.05.1973

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள முத்துக்குமாரு அத்தான் அவர்களுக்கு,

காங்கேசன்துறையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நாள்தோறும் வேண்டுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் பிழை.

நான் வைத்தியம் பார்க்கப் பயந்தவன் அல்லன். பாம்புக்கடி வந்தாலும் நெருப்புக்காய்ச்சல் வந்தாலும் கை நடுங்காது. ஆனால் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னைப் பொறுப்பதிகாரியாகப் போட்ட நாள் முதல், இங்குள்ள முப்பத்திரண்டு ஊழியர்களைக் கண்டால் நடுங்குகிறது. அதிலும் நோயாளர் வாட்டுக்குப் பொறுப்பான தாதி, மிஸி லூர்த்தம்மாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கதிரையை விட்டு எழும்பிவிடுகிறேன். மனிதரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. சீமெந்துத் தொழிற்சாலையில் நூறு பேரை நடத்துகிற நீங்கள்தான் சொன்னீர்கள்: "தம்பி, தலைவனா இருக்கிறவன் ஆரையும் வாசல்வரை வந்து, நல்ல சொல் ஒண்டு சொல்லி அனுப்ப வேணும்." அதைக் கேட்டதால் வந்த வினைதான் இது.

முதலில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி நாகலிங்கம். நிமோனியா மாறி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், நான் வாசல்வரை போய்க் கைகூப்பி, "போயிட்டு வாங்கோ" என்றேன். அவருடைய மனைவி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லும் அந்தச் சொல்லை ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரும் சொல்வதில்லை என்பது அந்த நேரம் என் மூளையில் ஏறவில்லை. மூன்றாம் நாள் மனுசன் வள்ளத்தில் சறுக்கிக் கால் முறிந்து, நாலு பேர் தூக்கிவர வந்து சேர்ந்தார். "டொக்குத்தர் வரச் சொன்னவர், வந்திட்டன்" என்று வாட்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். சரி, பிழையைத் திருத்துவோம் என்று, அடுத்ததாகத் துண்டு வெட்டிய கரவெட்டி நமசிவாயம் வாத்தியாரிடம், "இனி நீங்கள் இஞ்சை வரத் தேவையில்லை" என்றேன். தன்னுடைய வருத்தம் டொக்டர் கைவிட்ட நோய் என்று விளங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், நொத்தாரிசைக் கூப்பிட்டுச் சொத்தைப் பிரித்து மரணசாதனம் எழுதுவித்ததில், இப்போது பிள்ளைகள் ஆளுக்காள் முகம் பார்ப்பதில்லையாம்.

அதன்பிறகு சனம் என் முகத்தில் முழிக்காமல் குசினிப் பக்கத்துப் படலையால் போகிறது. சுகம் வந்தும் ஒரு கிழமை சாய்ந்து கிடந்தவர்கள் எல்லாம் காய்ச்சல் மாறிய அன்றே, "துண்டை வெட்டுங்கோ ஐயா, ஆனால் ஒண்டும் கதையாதேங்கோ" என்கிறார்கள். லூர்த்தம்மா வந்து, "வைத்தியத்தை நீங்கள் பாருங்கோ. கதையை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார். யாராவது வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, அற்றெண்டன் கனிசியஸ் என்னை மருந்தறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் போத்தல் எண்ண விடுகிறார். நானும் எண்ணுகிறேன்.

ஊரில் எனக்கெதிராக மனு எழுதுகிறார்களாம். வேலை போய்விடும் என்று எனக்குப் பயமாயிருக்கிறது அத்தான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சுகாதார அத்தியட்சகர் உங்களோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவரைப் பிடித்து, பொறுப்பு ஒன்றுமில்லாத சாதாரண டொக்டராக என்னை எங்காவது மாற்றுவியுங்கள். எந்தக் காடென்றாலும் போவேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லா நலனும் பெற்று வளரட்டும். டொக்டருக்குப் படிக்க விட வேண்டாம்.

இப்படிக்கு,
நடுங்கும் மைத்துனன்
சீவரத்தினம்

பி.கு.: ஒட்டிய கடிதத்தை உடைத்து எழுதுகிறேன். அத்தியட்சகரிடம் போக வேண்டாம். இன்று அவரே சொல்லாமல் வந்து இறங்கினார். கட்டில்கள் வெறுமையாக இருக்கின்றன, சுகமானவர்கள் அன்றே போகிறார்கள், வாசலில் ஒருவரும் நின்று கதைப்பதில்லை, பொறுப்பதிகாரியே போத்தல் எண்ணுகிறார், இப்படியொரு நிர்வாகத்தைத் தான் கண்டதேயில்லை என்று முதுகில் தட்டினார். வருகிற வெள்ளிக்கிழமை, புதிதாகப் பொறுப்பேற்கும் இருபது டொக்டர்மாருக்கு, ஊழியரை நடத்துவது எப்படி என்று நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டுமாம். போய் லூர்த்தம்மாவிடம் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ ஐயா, நான் எழுதித் தாறன். அதை மட்டும் வாசியுங்கோ. ஆரும் கேள்வி கேட்டால் சிரிச்சுக்கொண்டு இருங்கோ" என்றார். ஓம் என்றேன்.