மாடசாமி திரும்பவில்லை

"மாடசாமி!"

மாடசாமி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தான்.

நிலுக்ஷி கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பிள்ளைக்கு வயது இரண்டரை. படிவத்தில் நான்காவது கேள்வி: 'பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா?' மூன்று முறை அழைத்தாகிவிட்டது. மூன்று முறையும் அவன் உருட்டிக்கொண்டிருந்த மூடியைக் கீழே வைத்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவின் பச்சைச் சுவரை அண்ணாந்து பார்த்தான், மறுபடி மூடியை எடுத்துக்கொண்டான். சுவரில் அப்படியொன்றும் இல்லை. ஒரு காலண்டர், ஒரு முருகன் படம், மாலை போட்ட கிழவர் ஒருவரின் போட்டோ.

பதுளை டவுனிலிருந்து பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கி, பேச்சு வராத சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது நிலுக்ஷியின் உத்தியோகம். போன வருஷம் ஒரு தாயின் மனசு நோகக் கூடாதென்று இதே கேள்விக்கு 'ஆம்' போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்குக் காதே கேட்கவில்லை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எட்டு மாதம்! நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. அன்றோடு தாட்சண்யத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

"காது கேக்குதான்னு பாப்போம்."

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் பைக்கட்டைக் கசக்கினாள். பிள்ளை மூடியை விட்டெறிந்துவிட்டு ஓடி வந்தான்.

"நல்லா கேக்குதுங்க மிஸ்!" என்று பூரித்தாள் தாய் விஜயலெட்சுமி.

நிலுக்ஷிக்குப் பூரிப்பு வரவில்லை. காது கேட்டும் பேருக்குத் திரும்பவில்லையென்றால் விஷயம் இன்னும் பெரிது. 'சுவரை வெறிக்கிறான்' என்று எழுதினாள்.

"இப்ப நீங்க கூப்பிடுங்க. தாயோட குரலுக்குத் திரும்பும்."

விஜயலெட்சுமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிடுங்களேன்!"

"அது வந்துங்க மிஸ்... அந்தப் பேரு..."

"வெக்கப்படாதீங்க. ஒங்க புள்ளதானே?"

"புள்ளதாங்க. ஆனா நா எப்பிடிங்க..."

"பேசுனாத்தானே புள்ளைக்குப் பேச்சு வரும்? நீங்களே இப்பிடி ஊமையா நின்னா?"

விஜயலெட்சுமி மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். 'தாயும் பிள்ளையுடன் பேசுவதில்லை' என்று எழுதினாள் நிலுக்ஷி. ஒரே படிவத்தில் இரண்டு நோயாளிகள் ஆகிவிட்டார்கள்.

தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "தொரை..." என்றாள் மெதுவாக.

நிலுக்ஷி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். தோட்ட நிர்வாகியான துரையிடம் அவள் அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கவில்லை. மாட்டிக்கொண்டேனே ஆண்டவரே என்று சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். துரையும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஒரு நாய் மட்டும் சாவகாசமாகப் படுத்திருந்தது. உள்ளே வந்தபோது பிள்ளை தாயின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"எங்க தொரை?"

"இந்தா, இங்கதானுங்க மிஸ் இருக்காரு."

நிலுக்ஷி பேனாவை எடுத்தாள். 'தாய்க்கு இல்லாத ஆள் தெரிகிறது.'

"திங்கக்கெழம ரெண்டு பேருமா பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க," என்றாள், குரலை எவ்வளவோ தணித்துக்கொண்டு.

"எம்புள்ளைக்கு என்னங்க மிஸ்?" விஜயலெட்சுமி உடைந்து அழுதாள். "மந்தமுன்னு எழுதிட்டீங்களா? லயமே பேசுமே! அவங்க அப்பாவுக்கு நா என்னன்னு சொல்லுவேன்?"

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராப் பெரியாயி கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள்.

"என்னா மிஸ் இது, புள்ளக்காரிய இப்பிடி அழ வச்சிருக்கீங்க?"

விளக்கம் சொல்ல நிலுக்ஷி வாயைத் திறந்தாள். அப்போதுதான், வந்ததும் வராததுமாக அவளே கதவில் ஒட்டிய தாள் கண்ணில் பட்டது: 'கேள்வி கேட்டபின் பத்து எண்ணும்வரை காத்திருங்கள்.' ஊரிலுள்ள தாய்மாருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறவள், இன்றைக்கு இந்தத் தாய்க்கு இரண்டுகூட எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது.

"இவங்க ஏன் புள்ள பேரச் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினாள்.

மூன்றிலேயே பெரியாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அடியாத்தி! மாமனாரு பேர மருமவ வாயால சொல்லலாமா? அவரு பேரத்தான் இவனுக்கு எழுதி வச்சாங்க. கூப்புடுறது தொரைன்னுதான்."

"தொரை!" என்றாள் நிலுக்ஷி.

மடியிலிருந்தவன் வெடுக்கென்று திரும்பி, வாயெல்லாம் பிஸ்கட்டாகச் சிரித்தான். விஜயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்தாள். நிலுக்ஷி படிவத்தை நான்காகக் கிழித்தாள். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"அப்ப மாடசாமின்னா ஏன் சொவத்தப் பாக்குறான்?"

இந்தத் தடவை ஒழுங்காகப் பத்துவரை எண்ணினாள். பெரியாயி மாலை போட்ட போட்டோவைக் கைகாட்டினாள்.

"கொழும்புலருந்து அப்பன் தெனமும் போன்ல 'மாடசாமி தாத்தா எங்க'ன்னுதானே புள்ளகிட்ட கேக்குறான், நீங்க மூணு தடவ கேட்டீங்க, மூணு தடவயும் புள்ள சரியாத்தானே மிஸ் காட்டியிருக்கான்!"