எதிர்த்தரப்புக்கு ஏழு நிமிடம்

வாசகரே, இதோ சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் மிகையென்று பட்டாலும் ஆரணிக்கு வந்து எங்கள் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம். என் கூற்று இதுதான்: தனக்கு எதிரான பேச்சை எங்கள் 'ரெண்டுபக்கம்' கேட்டதைப் போல ஆசையாகக் கேட்ட மனிதர் தமிழ்நாட்டிலேயே வேறொருவர் இல்லை.

அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். எந்த விவகாரத்திலும் இரு பக்கத்தையும் கேட்காமல் வாய் திறக்கமாட்டார் என்பதால் தெரு வைத்த பெயர் அது. கத்திரிக்காய் விற்பவர் காய் புதிது என்றால், நேற்று அவரிடம் வாங்கியவரைத் தேடிப்பிடித்து வாக்குமூலம் பெறுவார். அதற்குள் காய் வதங்கியிருக்கும். குழாயடியில் இரண்டு பெண்கள் மோதிக்கொண்டபோது, தனித்தனியே ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். வியாழனுக்குள் அவர்கள் ராசியாகி, இருவருமாகச் சேர்ந்து வந்து அவரைத் திட்டினார்கள். அதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைத்தான், அவர் பக்கத்தைக் கேட்காமலே வேலையைவிட்டு நீக்கினார்கள். ஜாமீன் கொடுப்பதற்குப் பட்டுப்புடவையை லஞ்சமாக வாங்கினார் என்று ஒரு மொட்டைக் கடிதம். புடவையைத் தனக்கு விற்ற நெசவாளியைச் சாட்சியாக அழையுங்கள் என்று கேட்டார், அழைக்கவில்லை. வழக்குப் போட்டார். தனி நீதிபதி, நீக்கம் சரியே என்றார். ஓய்வு வயதும் கடந்துவிட்டது. மீட்பதற்கு மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான். அதற்காக இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்தார். வக்கீல் வேண்டாம், தானே வாதாடுவதாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் என்னை அழைத்தார். ஆரணி முதல் பெரணமல்லூர் வரை நான் ஏறாத பட்டிமன்ற மேடை இல்லை. கோப்பைகள் பீரோவில் இடமின்றி அரிசி டின்மேல் நிற்கின்றன. தனக்காக வாதம் எழுதித்தரச் சொல்வார் என்று நிமிர்ந்தே போனேன்.

"எனக்காக ஒண்ணும் பேச வாணாம் தம்பி. எனக்கு எதிரா பேசு. அந்தப் பக்கம் இன்னா சொல்லுவாங்கன்னு நான் கேக்கணும்."

எதிர்வீட்டுச் சரோஜா அக்காவின் விசைத்தறிக் கூடம், மதியச் சாப்பாட்டு வேளையில் நீதிமன்றமாயிற்று. நூல் பெட்டியின் மேல் அவரே நீதிபதியாக அமர்வார். எனக்கு ஏழு நிமிடம். ஏழு முடிந்த நொடியில் எவர்சில்வர் டம்ளரைப் பேனாவால் டங்கென்று தட்டுவார். நான் முத்தாய்ப்புக்கு வருவதும் சரியாக அந்த நொடியில்தான். கைதட்டலுக்கென்று கட்டிவைத்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் தந்திரமாக முத்தாய்ப்பை முதலிலேயே வைத்தேன். "நீதிபதியின் நாற்காலி வெண்பட்டு. அதன்மேல் குற்றம் விழ வேண்டியதில்லை. சந்தேகத்தின் நிழல் விழுந்தாலே போதும், அமர்ந்திருப்பவர் எழுந்துவிட வேண்டும்." தறிக்காரர்கள் சோற்றுக் கையோடு தட்டினார்கள்.

மறுநாள் அவர் மூன்று பக்கத் தீர்ப்போடு வந்து, கணீரென்று வாசித்தார். தன் மேல்முறையீட்டைத் தானே தள்ளுபடி செய்திருந்தார்.

சரோஜா அக்கா எழுந்தேவிட்டார். "இன்னாங்க ஐயா, பேஜாரா கீது? உங்க கேஸுக்கு நீங்களே ஜட்ஜா குந்திகினு நீங்களே தோத்தா, பெரிய கோர்ட்டுல எப்டிங்க ஜெயிப்பீங்க?"

"வாதம் நல்லா இருந்துச்சும்மா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இன்னா பண்ணச் சொல்ற?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "பேசிகினே இரு. உன் வாயை ஒருநாள் நூலால தெச்சிடறேன்."

நான் பெற்ற வெற்றிகளில் சோறு இறங்காத வெற்றி அது ஒன்றுதான். அவரோ அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடிப் பத்து நாள் தெருவை அளந்தார்.

விசாரணை காணொலியில் நடந்தது. அன்று காலை சரோஜா அக்கா தன் தறிகளை நிறுத்தினார். பக்கத்து வீடு நிறுத்தியது. பிறகு தெருவே நிறுத்தியது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். மேலே கோட்டு, கீழே வேட்டியாக அவர் நிற்க, கைப்பேசியை நான் பிடித்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல், நீதிபதி மீது சந்தேகத்தின் நிழல் விழுந்தாலே போதும் என்றார். ஏறத்தாழ என் வாக்கியம். ஓசை மட்டும் என்னுடையது மேல்.

அவர் அதையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு பேசினார். "நிழல் விழுந்தது உண்மை, ஐயா. நிழல் விழ வேண்டுமானால் எதிரே ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும். அந்த ஆள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் புடவை விற்றவரையும் கேட்கவில்லை. என் மேல்முறையீடு அவ்வளவுதான்."

சில வாரங்களில் நீக்கம் ரத்தானது. தறிக்கூடத்தில் உத்தரவை வாசித்தார். வழக்கம்போல எதிர்த்தரப்பின் வாதத்திலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல்.

"ஜல்தியா நம்ம பக்கத்துக்கு வாங்க ஐயா" என்றார் சரோஜா அக்கா. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவங்க டெல்லிக்கு அப்பீல் போனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்ததால், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார்:

"போவட்டும்மா, அது அவங்க உரிமை. போனா, இந்தத் தம்பிதான் எனக்கு எதிரா பேசணும். இந்த வாட்டி நான் டம்ளரத் தட்ட மாட்டேன்."