கர்மக் காப்பு

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குள் அன்று நுழைந்தவர்கள் ஏதோ கும்பாபிஷேகம் என்றே நினைத்திருப்பார்கள். தோரணம், குத்துவிளக்கு, மேடை. மேடையில் எழுந்தருளியிருந்தவர் டாக்டர் வெங்கிடேஷ். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் புண்ணியம் குறைந்துவிடுமே.

அவர் விற்ற சரக்கின் பெயர் ‘கர்மக் காப்பு’. மணிக்கட்டில் கட்டினால் பச்சை விளக்கு மினுங்கும். நாடியைப் பார்த்து, மனம் எவ்வளவு வேலையில் ஒன்றியிருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். ஒரு மாதத்துக்கு முன்பே மேலாளர் பட்டாபி அத்தனை பேர் கையிலும் கட்டிவிட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? காப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். ராகுகாலத்தில் சார்ஜ் போட மறுத்தார்கள். நாள் முழுக்க மேசையில் தாளம் போட்டு அரட்டையடிக்கும் செல்வமணிக்கு எண்பத்தெட்டு வந்தது. அன்றிலிருந்து அலுவலகமே தாளம் போட்டது.

சுப்ரியாவுக்கு வந்தது முப்பத்தொன்று. இன்சூரன்ஸ் மனுக்களில் மற்றவர்கள் விட்ட தப்பையெல்லாம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பிடிப்பவள் அவள். நாற்பதுக்குக் கீழே போனவர்களுக்கு டாக்டரின் பாராட்டு விழா முடிந்ததும் சீட்டுக் கிழியும் என்று பட்டாபி சொல்லியிருந்தார். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

பட்டாபி டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து உருகினார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று டாக்டர் பெருந்தன்மையாகச் சொன்னதும் சுப்ரியா மேடையேறினாள். வேலைதான் போகப் போகிறது, கேட்டுவிட்டாவது போகலாம்.

“சார், எனக்கொரு சம்சயம். இத அந்த ஏத்தம்பழத்துல கட்டட்டா?”

அவர் தடுப்பதற்குள் தன் காப்பைக் கழற்றி, தட்டிலிருந்த நேந்திரம்பழத்தில் கட்டிவிட்டாள். விளக்கு மினுங்கியது. பின்னாலிருந்த திரையில் எழுத்து வந்தது: ‘ஆழ்ந்த கவனம். எழுபத்தொன்பது.’

டாக்டர் அசரவில்லை. பழத்திலும் பிராணன் உண்டு என்று விளக்கினார். முன்வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“அப்போ பிராணன் இல்லாததுல பாப்போம் சார்” என்று அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவிச் சுருட்டி, அதில் காப்பை மாட்டினாள்.

தொண்ணூற்றாறு.

எதன் மீது பட்டாலும் திரும்பி வருகிற வெளிச்சத்தைத்தான் இது நாடி என்று எண்ணுகிறது, மனத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை என்று சுப்ரியா சபைக்குச் சொன்னாள். பட்டாபி டாக்டர் பக்கம் திரும்பினார்.

“அப்போ என் ஸ்டாஃப் மொத்தமும் ஒரு பொன்னாடைக்குக் கீழேயாக்கும்னு சொல்றேளா, டாக்டர்?”

சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார். பழத்தட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சுப்ரியாவை அவள் இடத்தில் போய் உட்காரச் சொன்னார் பட்டாபி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கோ கண் நிறைந்துவிட்டது. வேலை பிழைத்த சந்தோஷம் பாதி, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்ற ஆத்திரம் பாதி.

அப்போது முன்வரிசை சாவித்ரி மாமி மெல்ல அவளிடம் வந்து, காப்பைக் குப்பையில் போட்டால் தோஷமா, கரமனை ஆற்றில்தான் விட வேண்டுமா என்று கேட்டாள்.

“குப்பையிலயே போடுங்க மாமி, ஒரு தோஷமும் வராது. இனிமே யாராவது கைய நீட்டச் சொன்னா, எதுக்குன்னு கேட்டுட்டு நீட்டுங்க. கேக்காம நீட்டுனதுதான் தோஷம்.”