மயிலம்மாளின் காசிச் சொம்பு

கீழே விழுந்த காசிச் சொம்பு உருண்டு போய்க் கதவில் இடித்து நின்றது. அழகிரி பதறிப்போய் எடுத்தான். மூடி பெயர்ந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தரையைத் தடவிப் பார்த்தான். அதுவும் காய்ந்து கிடந்தது.

"அடக் கடவுளே! கங்கை எங்க போச்சு?"

மாமியார் மயிலம்மாள் காசியிலிருந்து கொண்டுவந்த சொம்பு அது. தன் கடைசி மூச்சில் வாயில் விடவேண்டும் என்று, சொம்பின் வாயை ஈயத்தால் பற்றவைத்து, தன் கையாலேயே பூஜை அலமாரியில் வைத்திருந்தாள். வேறு யாரும் தொடக் கூடாது.

"கங்கைத் தண்ணி எத்தனை வருஷமானாலும் கெடாது மாப்பிள்ளை. ஆனா உங்க வீட்டுல ஒரு சொட்டு குறைஞ்சாலும் என் சாவுக்குக்கூட நீங்க வரவேணாம்."

செத்த பிறகு எப்படித் தடுப்பாள் என்று கேட்காதீர்கள். மயிலம்மாள் தடுப்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை அது. தாயும் மகளும் சமயபுரம் தேருக்குப் போயிருந்தார்கள். இவன் பேசாமல் படுத்துத் தூங்கியிருக்கலாம். ஒட்டடை அடிக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

மூடி பற்றவைத்த இடத்தில் ஓட்டை விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து காய்ந்திருக்கும் என்று முடிவு கட்டினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்குப் பறந்தான். காவிரி என்ன, கங்கைக்குக் குறைந்தவளா? ஆனால் காவிரியில் மணல்தான் இருந்தது. கையால் ஊற்றுத் தோண்டினான். காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது. தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டுத் தெளியவைப்பதற்குள் உச்சி வெயில் இறங்கிவிட்டது.

பெரிய கடை வீதியில் பாத்திரம் பற்றவைக்கும் காஜா மைதீன் உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு தண்ணி இருந்தா ஈயம் ஒட்டாதுங்க. பாதியக் கொட்டுங்க."

"குறைஞ்சா என் தலையே போயிடும் பாய்!"

"அப்ப ஒழுகும். உங்க இஷ்டம்."

பாதியைக் கொட்டினான். பற்றவைத்த சூட்டில் சொம்பு கறுத்துப்போனது. வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தான். அன்றுதான் கடையில் வாங்கியதைப் போல மின்னித் தொலைத்தது. அடுப்புக்கரியைப் பூசி, அதற்கு மேல் விபூதி, குங்குமம் அப்பி அலமாரியில் வைத்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

உள்ளே வந்த மயிலம்மாள் நேரே அலமாரியைத்தான் பார்த்தாள். சொம்புக்கு அடியில் ஈரம்.

"என்ன மாப்பிள்ளை, நனைஞ்சிருக்கு?"

"விளக்கைத் துடைச்சேன், அத்தை."

"சொம்பைத் தொட்டீங்களா?"

"நானா? ஐயய்யோ!"

அவள் முகம் வெளுத்தது. குப்பென்று வேர்த்தது. கண்டுபிடித்துவிட்டாள், தொலைந்தோம் என்று அழகிரி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஜீயபுரத்திலிருந்து அவள் கொழுந்தன் மகன் வீரமலை குதிரை வண்டியில் வந்து இறங்கினான்.

"பெரியம்மா, அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு. கங்கை, கங்கைங்கிறாரு. அந்தச் சொம்பைக் குடுங்க."

"மாட்டேன்! அது எனக்குன்னு வெச்சது."

அழகிரிக்குப் போன உயிர் திரும்பியது. "அத்தை சொல்றதும் நியாயம்தானே?"

"நல்லாருக்கு நியாயம்!" என்று பாய்ந்தாள் அவன் மனைவி வள்ளிக்கண்ணு. "சித்தப்பா உசிரு ஊசலாடுது. வீட்டுல வெச்சுக்கிட்டே இல்லைன்னா ஊரு காறித் துப்பாது?"

சொம்பை அவளே எடுத்தாள்.

"குலுக்காதே!" என்று மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

ஜீயபுரம் போய்ச் சேரும்வரை, "துளசித் தண்ணி போதுமேடா" என்று மயிலம்மாள் கெஞ்சிக்கொண்டே வந்தாள். வீரமலை காதில் வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியால் மூடியை நெம்பினான். மணல் வருமோ, மாமியார் மோந்து பார்ப்பாளோ என்று அழகிரி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சொம்பு சாய்ந்தது. களகளவென்று தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மயிலம்மாள் மட்டும் பேயைக் கண்டவள் போல வீறிட்டாள்:

"அடியே வள்ளி, இதுல எப்படிடி தண்ணி வந்துச்சு? தாகம் தாங்காம ரயில்லயே நான் குடிச்சுத் தீத்துட்டு, வெறும் சொம்பைத்தானே பத்தவெச்சுக் கொண்டாந்தேன்!"