மாமனார் நீலம்

கண்ணாடிக் குழாயில் தாணப்பனின் மாமனார் நீலமாகிக்கொண்டிருந்தார்.

முழு மாமனார் இல்லை. அவருடைய ரத்தத்திலிருந்து தெளிந்த நீர், ஒரு சின்னக் கரண்டி அளவு. அதில் ஒரு மருந்தைக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, மேலே இன்னொரு மருந்தை ஊற்றினால், நல்ல உடம்புக்காரனின் ரத்தம் வெளிர்நீலத்தோடு நின்றுவிடும். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் புற்று வைத்து, அது எலும்புவரை போய்விட்டவனின் ரத்தம் மையாகக் கறுக்கும். டாக்டர் தாணப்பன் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக இந்த நீலத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். மை நீலம் காட்டியவர்கள் எவரும் அதிக நாள் தாங்கவில்லை.

இப்போது மாமனார் மை நீலம்.

தப்பு வடிவுடையது. அதாவது, தாணப்பனின் மனைவி சண்முகவடிவுடையது. நோயாளிகளின் ரத்தம் மட்டும் போதாது, நோயில்லாத கிழவர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஆராய்ச்சியை ஒத்துக்கொள்வேன் என்று திருவனந்தபுரத்துப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். நோயில்லாத கிழவர்களுக்கு நாஞ்சில் நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் ரத்தம் என்று வாயெடுத்ததும் அத்தனை பேருக்கும் நோய் வந்துவிட்டது.

"எங்கப்பா இருக்காருல்லா" என்றாள் வடிவு. "இந்த வயசுலயும் சேத்துல எறங்கி மடை தொறக்காரு. ஒரு தலைவலின்னு படுத்திருப்பாரா?"

தெரிசனங்கோப்பு ஊரிலிருந்த மாமனார் முத்துநாயகம் பிள்ளை உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"மருமவன் கையால குத்து வாங்கப்பிடாது. அது மரியாதையில்ல. வேற ஆள அனுப்பச் சொல்லு."

தாணப்பனுக்கும் அதுதான் நிம்மதி. கல்யாணமான நாளிலிருந்து அவர் மாமனார் முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. அவர் கையைப் பிடித்து நரம்பைத் தேடுவது எப்படி? சூசையை அனுப்பினார்.

சூசை சோதனைச்சாலை உதவியாளர். மாமனார் வயதுதான் அவருக்கும். தாணப்பன் வேலைக்குச் சேர்ந்த அன்று 'இவரு என்னத்தப் படிச்சாரோ' என்று சந்தேகப்பட்டவர், அப்புறம் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். டாக்டர் சாப்பிட மறந்தால் பழத்தை உரித்து மேசைமேல் வைப்பார். டாக்டர் முகம் வாடினால் அன்றைக்குச் சூசைக்குச் சோறு இறங்காது. அதனால், குழாய் கறுத்ததும் தாணப்பன் முதலில் செய்த காரியம், அதைச் சூசை கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்ததுதான்.

"என்ன சார், சரியா வரலியா?"

"பஸ்ஸுல குலுங்கிப் போச்சு அண்ணே. ரத்தம் ஒடைஞ்சா நெறம் தப்பாக் காட்டும். இன்னொருக்க எடுக்கணும்."

"இன்னொருக்கயா?" என்றார் சூசை. கொஞ்சம் யோசித்தார். "எடுத்தாப் போச்சு."

பஸ் வேண்டாம் என்று மாமனாரையே வடசேரியிலிருந்த தன் வீட்டுக்கு வரவழைத்தார் தாணப்பன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்று பெயர். வந்தவர் டாக்டரின் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பெஞ்சுக்குப் போனார். வடசேரித் தண்ணீர் உப்பு என்றார் மாமனார். குடிக்கத் தண்ணீர் தெரிசனங்கோப்பிலிருந்து வண்டியில் வந்தது. வண்டிக்காரனுக்கும் காளைகளுக்கும் சேர்த்து வடிவு பொங்கிப் போட்டாள்.

மறுநாள் காலையில் சூசையும் மாமனாரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமனாருக்கு வலிக்கிற நேரத்தில் மருமகன் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாதே என்று தாணப்பன் முற்றத்தில் இறங்கி முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூசை கொண்டுவந்து கொடுத்த குழாயைத் தாணப்பனே மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்து ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்.

முன்னைவிட நன்றாகவே கறுத்தது.

மருந்துதான் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். இருந்த மருந்தையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு மதராஸிலிருந்து புதிதாக வரவழைத்தார். அது வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. பெரிய டாக்டர் டெலிபோனில் கத்தினார். புது மருந்து வந்தது. சூசையும் மாமனாரும் மறுபடியும் கதவைச் சாத்தினார்கள். புது மருந்து என்பதால் நிறம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

அன்று தாணப்பன் சோதனைச்சாலைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். பிணத்தை அறுத்துப் படிக்கிற பையனுக்குப் பெண்ணா என்று ஊர் முழுக்க மூக்கைப் பொத்திய காலத்தில், 'அவன் கையக் கழுவிட்டுத்தானே சாப்பிடுவான்' என்று சொல்லி மகளைக் கொடுத்தவர் முத்துநாயகம் பிள்ளை. அந்த மனிதருக்கா இந்த நீலம்?

வடிவிடம் மறைக்க முடியவில்லை.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. மாமாவுக்குத் தெரியவே பிடாது" என்றார்.

வடிவு யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும்தான் சொன்னாள். தம்பி அவன் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அவள் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் மட்டும் சொன்னாள்.

தூரத்துச் சொந்தக்காரர்கள்கூட நேந்திர வாழைக்குலையோடு வரத்தொடங்கினார்கள். வந்தவர்கள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள்.

"என்ன மாப்ளே, எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தமாரி இருக்காவ?" என்று கேட்டார் மாமனார்.

"உங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுல்லா மாமா."

"இவன் முந்தாநேத்துதானே வந்துட்டுப் போனான்."

பழங்களைத் தின்று மாமனார் ஒரு சுற்றுப் பெருத்தார். வடிவு மூன்று வேளையும் பாயசம் வைத்தாள். அவர் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் தூண்மறைவில் நின்று விம்மினாள்.

கடைசியில் அய்யம்பெருமாள் வந்தார். மாமனாருக்கு அடுத்த வயல்காரர். வந்ததும் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓய் முத்துநாயகம், போற நேரத்துல மனசுல வச்சுக்கிட்டுப் போவாதேயும். அந்த வரப்ப உம்ம பக்கம் ரெண்டு மொழம் தள்ளிப் போட்டது நான்தான். மன்னிச்சிரும்."

"எந்த வரப்பு?" என்றார் மாமனார்.

அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் காளை வண்டியிலிருந்த கம்பை உருவிக்கொண்டு எழுந்தார். அய்யம்பெருமாள் வடசேரிச் சந்தைக்குள் ஓடினார். வாழைக்காய்க் குவியல்களைத் தாண்டி மாமனார் விரட்டிக்கொண்டு ஓடுவதை வாசலில் நின்று பார்த்த வடிவு, புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பிடி ஓடுகதும் அந்த நோயில சேத்தியா?" என்று அழுதாள்.

தாணப்பனுக்கே முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. பத்மநாபசாமியைத் தொழப் போகலாம் என்று சொல்லி மாமனாரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். சாமியைக் கும்பிட்டு வெளியே வந்தவரைப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். வயசானவர்களுக்கெல்லாம் பார்ப்பதுதான் என்று சொல்லி அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையுறை மாட்டிய விரலால் சோதித்தார்கள். பிறகு தலைமுதல் கால்வரை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

பெரிய டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த மனுஷனுக்கா புற்று? சுரப்பியில ஒண்ணுமில்ல, எலும்புல ஒரு புள்ளி இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் கொள்ளிவச்சுட்டுத்தான் இவர் போவார். உம்ம சோதனைதான் தப்பு தாணப்பன்."

திரும்பி வரும் பஸ்ஸில் மாமனார் மருமகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த விரலை அவர் மன்னிக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துத் தாணப்பன் சந்தோஷப்பட்டார். மார்த்தாண்டம் தாண்டியபிறகுதான் மற்றது உறைத்தது. சோதனை தப்பு என்றால், அவருடைய ஒரு வருஷமும் தப்பு. இதை நம்பி நோய் என்று அவர் சொன்ன அத்தனை பேருக்கும் என்ன பதில்? இனி வரப்போகிறவர்களுக்கு எதைச் சொல்வது?

மறுநாள் சூசை உள்ளே வந்தபோது டாக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என்ன செய்யுகீங்க?"

"கடையக் கட்டுகேன் அண்ணே. இந்தச் சோதன பொய்யி. நான் உம்மகிட்டச் சொல்லல்ல, மாமாவுக்க ரத்தம் மூணு தடவையும் மையாட்டுக் கறுத்துது. நாங்க எல்லாரும் அவரு செத்துப்போவாருன்னு அழுதோம். ஆளு கல்லு மாதிரி இருக்காரு. பெரிய டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டாரு."

"அப்போ, மாமாவுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல. அது போதும் எனக்கு. ஆராய்ச்சிதான் போச்சு."

தாணப்பன் அடுத்த குழாயைக் கவிழ்க்க எடுத்தார். சூசை அவர் கையிலிருந்த குழாயை மெல்ல வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். அவர் முகத்தில் முதலில் வெட்கம் வந்தது. அப்புறம், டாக்டரின் துக்கத்தைத் தீர்க்கத் தன்னிடம் வழியிருக்கிற சந்தோஷத்தில் பல் இல்லாத வாய் மலர்ந்தது.

"ஏசப்பிடாது சார். உங்க சோதன சத்தியமாட்டு பொய்யில்ல. மாமாவுக்கு ஊசின்னா பயம், அத மருமவன்கிட்டச் சொல்லவும் வெக்கம். அதனால மூணு தடவையும் எனக்க கையிலேருந்தாக்கும் ரத்தம் எடுத்துத் தந்தேன்."