தக்கை திறக்காத ரசிகர்

ஒயின் குடித்துக் கெட்டவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடிக்காமலே கெட்டவர் என்று இன்னோர் இனம் இருக்கிறது. எங்கள் லாங்கே திராட்சைக் குன்றுகளில் தடுக்கி விழுந்தால் அதன் மேல்தான் விழ வேண்டும். நல்ல கோட்டு போட்டிருக்கும். நிலவறைக்குள் இறங்கியதும் மூக்கை நீட்டாது, போனை நீட்டும். மற்றவர்கள் "எப்படி இருக்கு?" என்று கேட்கிற இடத்தில், "விலை எது வரைக்கும் ஏறும்?" என்று கேட்கும். முப்பது வருடமாகத் திராட்சை பிழிகிறவள் நான்; தூரத்தில் கார் நிற்கிற தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

இந்த இனத்தின் அசல் மாதிரி, டூரின் நகரத்துப் பல் டாக்டர் எர்மான்னோ கல்லேசியோ. 1996இல் நான் முதன்முதலாக என் பெயரைப் போட்டு இறக்கிய ஒயினில் பன்னிரண்டு பாட்டில், ஆணி அடித்த மரப்பெட்டியோடு, அவரிடம் இருந்தது. எங்கள் நெபியோலோ திராட்சை லேசுப்பட்டதல்ல: இளசில் குடித்தால் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கும், இருபத்தைந்து வருடம் படுக்கவைத்தால்தான் கனியும். அது கனியும்வரை காத்திருக்க எனக்கு எங்கே வசதி? அடுத்த வருடத்துப் பீப்பாய்ச் செலவுக்காக ஒரு பாட்டில் விடாமல் விற்றேன். ஆக, என் முதல் ஒயின் பழுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. கண்ணை மூடுவதற்குள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

டாக்டரிடம் நான் கேட்காத வருடமில்லை. "ஆணியப் பிடுங்கினாலே விலை விழுந்துடும்மா," என்பார், ஏதோ அவர் பல்லையே பிடுங்கக் கேட்டதுபோல. ஆனால் ஊரார் குடித்தால் அவருக்குப் பரம சந்தோஷம். ஆஸ்தி என்கிற ஊரில் ஒரு கல்யாணத்தில் என் 1996 ஆறு பாட்டில் காலியாகிவிட்டதாம் என்று குதூகலமாகப் போன் பண்ணினார். உலகமே குடிக்க வேண்டும், தான் மட்டும் குடிக்கக் கூடாது. குறையக் குறைய மிச்சத்துக்குக் கிராக்கி. விலையை ஏற்றுவது இன்னொன்றும் உண்டு. செய்தவள் செத்துப்போவது.

போன ஜனவரியில் நிமோனியாவோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தபந்தமெல்லாம் போனிலேயே துக்கப்பட்டுக்கொண்டிருக்க, இந்த மனிதர் மூன்று தடவை நேரில் வந்து, ஆரஞ்சுப் பழம் கொடுத்து, கட்டில் காலில் தொங்கிய அட்டையை வரி விடாமல் படித்து, நர்சிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை காய்ச்சல் இறங்கியிருந்தது. அவர் முகமும் இறங்கிவிட்டது. என் கணவர் செவெரினோ வாசலில் மறித்து, "என்ன டாக்டர், இப்போதைக்கு விக்கிற மாதிரி இல்லையா?" என்று கேட்டாராம்.

செப்டம்பரில் டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒற்றைப் பாட்டில், முகத்தில் இழவு. தக்கை காய்ந்துவிடக் கூடாதென்று நிலவறையை ஈரமாகவே வைத்திருக்கிறார். ஈரத்துக்குப் பூச்சி வந்திருக்கிறது. பெட்டியை வாங்க வந்தவர் ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால், ஒரு பாட்டிலின் லேபிளில் முக்கால்வாசியைக் காணோம். மற்ற பதினொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒயினுக்கு ஒரு குறையுமில்லை. கழுத்துவரை நிறைந்துதான் இருந்தது.

"இது இனிமே எதுக்கும் ஆகாதும்மா," என்றார். "குடிச்சிடுங்க."

குப்பையில் போட்டுவிடுங்கள் என்கிற அதே தொனி! எனக்கென்ன? வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

அன்று மதியம் செவெரினோ மாட்டுக்கறியை மூன்று மணி நேரம் வேகவைத்து இறக்கினார். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து வைத்தார். திருகியைத் தக்கையில் வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அச்சகத்தில் அந்தக் காலத்தில் கூடுதலாக அடித்த லேபிள் ஒரு கட்டு, உள்ளே டிராயரில் கிடப்பது நினைவுக்கு வந்தது. செய்தவளின் நிலவறையிலிருந்து நேரடியாக வரும் பாட்டில் என்றால் இரண்டு மடங்குக்குப் போகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"கறி ஆறுது," என்றார் செவெரினோ. "என்ன தேடுற?"

"பசை."

என்னையே பார்த்தார். நான் செய்த ஒயின், நான் அடித்த லேபிள், இதில் பொய் எங்கே இருக்கிறது என்றேன்.

"டூரின்ல இத்தன வருஷம் கிடந்துச்சே, அது?"

"ஊர் சுத்திட்டு வீடு வந்து சேந்திருக்கு. நீங்க சாப்பிடுங்க."

போன வருடத்து ஒயினைத் தானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

பாட்டில் இப்போது கீழே படுத்திருக்கிறது. லேபிளில் ஈரம் படாமல் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறேன். அடுத்த வருடம் கட்டாயம் திறந்துவிடுவேன். எனக்கு எழுபத்தொன்றுதானே ஆகிறது?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுச் சோபாவுக்குக் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள்.