காலி நாற்காலிக்காகக் கவலைப்படுகிறவர்

நம்மிடையே ஒரு வகை மனிதர் உண்டு. காலி நாற்காலியைக் கண்டால் அவருக்கு மனசு ஆறாது. யாராவது வந்து உட்கார வேண்டும் என்று ஊரையே கூட்டுவார். அவரை மட்டும் உட்காரச் சொல்லிவிடக் கூடாது. மதுரை கே.கே. நகரில் குடியிருக்கும் வக்கீல் பாலசுந்தரம் இந்த வகையில் முதல் தரம்.

அவர் போகிற செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல் பதவி பதினான்கு மாதமாகக் காலி. அரசுத் தரப்பில் எழுந்து நிற்க ஆள் இல்லாததால் வாய்தாவுக்கு மேல் வாய்தா. இந்த அநியாயத்தைப் பற்றி அவர் கேன்டீனில் பேசாத நாள் கிடையாது. ஒரு கையில் வடையும் மறு கையில் டீயுமாக நின்று, இரண்டும் ஆறிப்போகிற வரைக்கும் பேசி, "மதுரையில இத்தனை ஆயிரம் வக்கீல் இருக்கோம், தகுதியுள்ளவன் ஒருத்தன்கூடவா கிடைக்கல?" என்று முடிப்பார். கேட்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். டீதான் கொதிக்காது.

ஒரு திங்கட்கிழமை இந்தப் பேச்சைச் சமயநல்லூர் பாண்டியம்மாளும் கேட்டுக்கொண்டு நின்றாள். கத்தியைக் காட்டி அவள் தாலிச் சங்கிலியைப் பறித்தவன்மேல் நடக்கும் கேஸில் அவள்தான் முக்கிய சாட்சி. ஒன்பது தடவை வந்து, வாய் திறக்காமலே ஒன்பது தடவையும் திரும்பிப் போனவள்.

"ஐயா, நீங்க பேசுறது அம்புட்டும் நாயம். அப்ப நீங்களே அந்த வேலையப் பாத்தா என்ன?"

பாலசுந்தரம் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். அது அடிக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நண்பர் இம்மானுவேல் விடவில்லை. மறுநாளே விண்ணப்பப் படிவத்தோடு வந்துவிட்டார். "அண்ணே, கடைசித் தேதிய மூணாவது தடவையா தள்ளி வச்சிருக்காங்க. போட்டாக் கிடைச்சிரும்ணே!"

"கிடைச்சிரும்கிறதுதான்யா பிரச்சனையே!"

ஆனாலும் பாண்டியம்மாளின் முகம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் படிவம் முழுவதையும் அழகாக நிரப்பினார். "கையெழுத்துதானே பாக்கி, போடுங்க," என்றார் மனைவி ஸ்ரீலட்சுமி. அப்போதுதான் யோசனை வந்தது. தினமும் பத்தரைக்கெல்லாம் கோர்ட்டில் இருக்க வேண்டும். கேஸ் தோற்றால் அவரைத்தான் கேட்பார்கள். ஆட்சி மாறினால் பதவியும் மாறும். அதெல்லாம் போகட்டும், அப்புறம் கேன்டீனில் எதைப் பேசுவது?

"பேனா சரியில்ல," என்று மூடி வைத்தார்.

அதே கோர்ட்டில் எட்டு வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை பார்த்துவந்த வக்கீல் இந்துப்ரியா அந்த வாரமே அவரிடம் வந்து, "சார், நான் விண்ணப்பம் போடட்டுமா?" என்று கேட்டார். "உன் நல்லதுக்குச் சொல்றேன்மா, வேணாம்!" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் அறிவுரை. இந்துப்ரியா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நேரே போய் விண்ணப்பம் போட்டார்.

இரண்டு மாதத்தில் அவருக்கு நியமன உத்தரவு வந்தது. முதல் வாய்தாவிலேயே பாண்டியம்மாள் கூண்டில் ஏறினாள். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். ஜட்ஜே இரண்டு தடவை "மெதுவா, மெதுவா" என்று சொல்ல வேண்டியிருந்தது. திருடனுக்குத் தண்டனை கிடைத்த அன்று இந்துப்ரியாவின் கைகளைப் பிடித்தவள் விடவே இல்லை. வாசலில் நின்று பார்த்த பாலசுந்தரத்தின் கை சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தேடிப் போனது. ஒரு கணம்தான்.

"நான் கையெழுத்துப் போட்டிருந்தா இந்தப் பொண்ணுக்கு இந்தச் சான்ஸ் கிடைச்சிருக்குமா?" என்றார் இம்மானுவேலிடம். நில எடுப்புக் கேஸ்களுக்கும் அரசு வக்கீல் இல்லை என்று மறுநாள் கேள்விப்பட்டதும் அவர் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே!

சிரிக்கிறீர்களா? நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில், "புதுச் செயலாளரா யாரு வாரீங்க?" என்று கேட்டபோது, சட்டென்று குனிந்து மும்முரமாகச் செருப்பைத் தேடியது யார்? பக்கத்தில் நானும் குனிந்திருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது.